ஆறு மாத மருந்து

என் மனைவி துவக்குக்குச் சம்மதக் கையெழுத்து வைத்தது ஒரேயொரு நிபந்தனையோடு. துப்பாக்கி லைசென்ஸ் விண்ணப்பத்தில் வாழ்க்கைத்துணைக்கென்று ஓர் இடம் விட்டிருப்பார்கள். அதில் பேனையை ஊன்றி வைத்துக்கொண்டு, "அக்காவுக்கு மட்டும் தெரியக்கூடாது" என்று மூன்று முறை சொன்னாள்.

அக்கா என்பது என் மச்சாள். கியூபெக்கில், லாசாலில், எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் தனியாக இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் போர்க்காலம் முழுவதையும் அங்கேயே இருந்து பார்த்துவிட்டு, கடைசியில் கணவரோடு இங்கே வந்து, வந்த நாலாம் வருடம் அவரையும் நோய்க்குக் கொடுத்தவர். ஜூன் மாதத்தில் கியூபெக்காரர் கொண்டாட்டத்துக்கு வாணம் விடும்போது குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வார். தான் படுக்கும் அறைக்குக் கீழே ஒரு துவக்கு இருக்கிறதென்று தெரிந்தால் அவருக்கு அதற்குப் பிறகு நித்திரை வராது. நிபந்தனை நியாயமானதாகவே எனக்குப் பட்டது.

துவக்கு என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்யவேண்டாம். குதிரையில் திரிகிறவர்கள் வரும் படங்களில் பார்த்திருப்பீர்கள். விசையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோது வெளியே பாயும், அடுத்த தோட்டா உள்ளே போகும். நூறு மீற்றருக்குள் மான் சுடுவதற்காக யாரோ ஒரு காலத்தில் யோசித்துச் செய்த சாமான். அதை வைத்துக்கொண்டு அறுநூறு மீற்றருக்கு அப்பால் தொங்கும் இரும்புத் தகட்டை அடிக்கப் பார்ப்பதுதான் எங்கள் விளையாட்டு. சன்னம் போகப் போகக் கீழே இறங்கும் என்பதால் குழலை மேலே தூக்கிப் பிடிக்கவேண்டும். தெருவில் நின்று மூன்றாம் மாடிப் பல்கனிக்குக் கதவுத் திறப்பை எறிந்து பிடிக்கச் சொல்வதைப் போன்ற காரியம். புத்தியுள்ளவர்கள் இதற்கென்றே செய்த துவக்குகளை வாங்கிவிட்டார்கள். நானும், அஹுன்ட்சிக்கில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் என் சிநேகிதனும் இன்னும் வாங்கவில்லை.

இந்தத் தூரத்துக்குக் கடைத் தோட்டா சரிவராது. நாங்களே செய்வோம். சுட்ட கோதுகளைப் பொறுக்கிக் கழுவி, அடியில் பொறி தட்டப் புதுக் கேப் வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே ஈயச் சன்னத்தை வைத்து அழுத்தவேண்டும். நான் டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் கேக் போடுகிறவன். நிறுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இது பிடிக்காமல் போகுமா? மருந்து என்றது வெடிமருந்தை. எங்கள் ஊரில் அதைச் சுருக்கமாக மருந்து என்றுதான் சொல்வோம். வினை அந்தச் சொல்லில்தான் இருந்தது.

தோட்டா செய்யும் மேசை பேஸ்மென்டில், ஹீட்டர் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அந்தக் குழாய் நேரே மேலே ஏறி மச்சாளின் குசினியில் திறக்கிறது என்பதை வீடு வாங்கிப் பதினொரு வருடமாகியும் நான் யோசித்ததில்லை. ஒரு மாலை சிநேகிதனோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தேன். துவக்கு என்ற சொல்லை மிகக் கவனமாகத் தவிர்த்துத்தான் கதைத்தேன்.

"மருந்து காணாது போலை கிடக்கு. பாதி வழியிலை விழுந்து போகுது. கூட்டிப் பாத்தன், தோள்மூட்டெல்லாம் ஒரே நோ... ஓம், கையெல்லாம் நடுங்குது... இல்லையடாப்பா, நான் கணக்குப் பாத்திட்டன். ஆறு மாசம். ஆறு மாசத்துக்கு மேலை ஓடாது."

கையில் இருந்த மருந்துப் போத்தல் ஆறு மாதத்துக்குத்தான் வரும் என்று சொன்னேன். மேலே குசினியில் உள்ளி உரித்துக்கொண்டிருந்த மச்சாளுக்குக் கேட்டது வேறு.

மறுநாள் காலை தூதுவளை ரசம் வந்தது. மாலை முருங்கையிலைச் சாறு வந்தது. வெள்ளிக்கிழமை மச்சாள் ஒரு நேரச் சாப்பாட்டோடு விரதம் பிடிக்கத் தொடங்கினார். ஏன் என்று மனைவி கேட்டதற்கு அழுதுகொண்டே, "எனக்கு எல்லாம் தெரியும் பிள்ளை. நீ ஒண்டும் சொல்லவேண்டாம்" என்றார். மனைவி கீழே ஓடிவந்து கதவைச் சாத்தினாள்.

"என்னப்பா, உங்களுக்குத் தீராத வருத்தமெண்டு அக்கா நினைக்கிறா. ஆறு மாசமாம்."

விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்து முடிந்ததும், உண்மையைச் சொல்வதானால் துவக்கையும் சொல்லவேண்டும் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. "கொஞ்ச நாள் வருத்தமெண்டே இருக்கட்டும். பேந்து மாறிட்டுதெண்டு சொல்லுவம்" என்றாள். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னிலேயே ஆத்திரம் வருகிறது.

வருத்தக்காரனாக, நோயாளியாக, இருப்பது இவ்வளவு சுகமென்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. மச்சாள் வாயிலிருந்து செய்தி பரவி, கோயிலில் எனக்கு முன்வரிசையில் கதிரை போட்டார்கள். சர்க்கரைப் பொங்கல் முதலில் என் கைக்கு வந்தது. கரப்பந்தாட்டத்தில் பந்து வெளியா உள்ளா என்று சண்டை பிடித்து ஒன்பது வருடமாக முகம் கொடுக்காத ஒருவர், என்னைக் கட்டிப்பிடித்து, "அண்டைக்கு அது உள்ளைதான் விழுந்தது" என்று ஒப்புக்கொண்டார். நான் பெருந்தன்மையோடு இருமினேன். மச்சாள் அனுப்பிய சாப்பாட்டில் ஐந்து கிலோ ஏறியது. அதைப் பார்த்துவிட்டு அவர், "நீர் கட்டுது" என்று இன்னும் பயந்தார். அவர் மட்டும் விரதத்தில் மெலிந்துகொண்டு போனார். அதைக் கண்டும் காணாதவன் மாதிரி இருந்தேன்.

வருடாந்தப் போட்டி ஒரு சனிக்கிழமை வந்தது. காலையில் எங்கே வெளிக்கிடுகிறேன் என்று மச்சாள் படிக்கட்டில் நின்று கேட்டார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"டொக்டரிட்டை உடம்பு காட்டப் போறன், மச்சாள்."

மறந்த தொப்பியை எடுத்துக்கொண்டு திரும்பி வரும்போது அவர் காரின் முன்சீற்றில் பெல்ட் போட்டு இருந்தார். மடியில் தேத்தண்ணி பிளாஸ்க், கையில் திருநீற்றுச் சரை.

"அவரை டொக்டரிட்டைத் தனியத்தான் போகவிட்டனான், தம்பி. உம்மையும் அப்பிடி விடமாட்டன்."

பாலத்துக்கு முதல் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பாலம் போய்விட்டது. பெட்ரோல் போடும்போது சொல்லலாம் என்றால், அங்கே அவர் கண்ணை மூடித் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். டிக்கிக்குள் பூட்டிய பெட்டியில் துவக்கு கிடந்தது. இரண்டு பக்கமும் சோளக்காடு வரத் தொடங்கியது.

"ஆஸ்பத்திரி இவ்வளவு தூரமோ?"

"ஸ்பெஷலிஸ்ட், மச்சாள்."

சுடுதளத்தின் கல்லுப் போட்ட தரிப்பிடத்தில் காரை நிறுத்தி, அவருக்குக் கதவைத் திறந்து, வாயையும் திறந்தேன். அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவன் முதல் வெடியை வைத்தான். மச்சாள் கண்மூடித் திறக்கும் முன் நிலத்தில் குப்புறக் கிடந்தார். கிடந்தபடியே என் காற்சட்டையைப் பிடித்து இழுத்து, "படு! படு!" என்று கத்தினார். நானும் படுத்துவிட்டேன். மூன்று வருடமாக அங்கே வந்து வெடி வைக்கிறவன், அந்தக் குரலுக்குப் படுத்தேன்.

காகிதக் கோப்பையில் கோப்பி குடித்துக்கொண்டு வந்த பெரிய தாடிக்காரர் ஒருவர் எங்களைக் கண்டு பதறிப்போய்க் குனிந்தார்.

"சா வா?"

சுகமா என்று இந்த ஊர் முழுக்கப் பிரெஞ்சில் இப்படித்தான் கேட்கும். மச்சாள் வந்த நாளிலிருந்து அவருக்குப் பிடிக்காத விசாரிப்பு. ஆஸ்பத்திரியில் அவருடைய கணவரின் கட்டிலடியில் தாதி தினமும் காலையில் அதைத்தான் கேட்பாளாம். தலையைத் தூக்கி அவர் தமிழிலேயே சீறினார்: "இல்லை! இன்னும் ஆறு மாசம் கிடக்கு!"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கல்லில் கன்னத்தை வைத்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். துவக்கு, மருந்து, ஹீட்டர் குழாய், ஆறு மாதம், எல்லாம். சொல்லி முடியும்வரை அவர் எழும்பவில்லை.

"அப்ப வருத்தம்?"

"ஒரு வருத்தமுமில்லை, மச்சாள். நான் கல்லு மாதிரி இருக்கிறன்."

"அவரும் இப்பிடித்தான் சொன்னவர். வெறும் வாய்வெண்டவர்." எழும்பி உடுப்பைத் தட்டினார். "துவக்கெண்டது உண்மையெண்டால் எடும். சுடும், நான் பாக்கிறன்."

சிநேகிதன் தூரத்தில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தான். மச்சாளுக்குக் காதுக்கவசம் போட்டுவிட்டோம். வெடிச் சத்தத்தை மறித்துச் சின்னச் சத்தங்களை உள்ளே விடுகிற வகை. எனக்குப் பின்னால் ஒரு கதிரையில், பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார். நான் நிலத்தில் இருந்து, குறுக்குத் தடியில் குழலை வைத்து, முதல் வெடியை வைத்தேன்.

"குத்திட்டான்," என்றார் மச்சாள்.

இராணுவ முகாமிலிருந்து ஷெல் கிளம்பும் சத்தத்துக்கு நாங்கள் சொல்லும் சொல் அது. சொல்லிவிட்டு எண்ணுவோம். விழும் சத்தம் கேட்டால் நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம். "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு," என்று அவர் எண்ணினார். "விழேல்லை."

"இரும்பிலை பட்டால்தான் கேக்கும், மச்சாள்."

"கட்டையா விழுந்தது. இஞ்சாலை புழுதி கிளம்பினது நான் கண்டனான். இன்னும் தூக்கும்."

தூக்கினேன். அடுத்ததும் கட்டை. அதற்கடுத்தது இடப்பக்கம். ஒவ்வொன்றுக்கும் அவர் எண்ணினார், ஒவ்வொன்றையும் சரியாகச் சொன்னார். தாடிக்காரர் தூரக்கண்ணாடியை வைத்துப் பார்த்து அதையே பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தார். பத்தாவது வெடிக்கு, "மூண்டு, நாலு" என்று அவர் வாய் மூடுமுன் தூரத்திலிருந்து மெல்லிய டங் என்ற சத்தம் வந்தது. நான் துள்ளி எழும்பினேன். சிநேகிதன் கத்தினான். தாடிக்காரர் மச்சாளின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பாத்தீங்களோ மச்சாள்! இப்ப நம்புறியளோ?"

"துவக்கை நம்புறன்," என்றார். "துவக்குச் சுடுறவனுக்கு வருத்தம் வராதெண்டு ஆர் சொன்னது?"

வீட்டில் மனைவி நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்து இருந்தாள். "துவக்கை விக்கிறதோ வைக்கிறதோ பேந்து பாப்பம். முதல் போய்ச் சோதனைக்கு இரத்தம் குடுங்கோ" என்றாள். மச்சாள் விரதத்தை விடவில்லை. அவர் ஒரு நேரம் சாப்பிட, நான் சாப்பாட்டில் கைவைக்கமுடியாமல் இருந்தேன்.

திங்கட்கிழமை இரத்தம் கொடுத்தேன். முடிவு வாங்கும் நாளில் மச்சாளும் கிளினிக்குக்கு வந்தார். டொக்டர் உள்ளே என்னிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் மெலியவேண்டும் என்று சொல்லித் தாளைத் தந்தார். வெளியே வந்து சந்தோஷத்தோடு மச்சாளின் கையில் அதைக் கொடுத்தேன். தாள் முழுக்கப் பிரெஞ்சு. அவருக்கு ஓர் எழுத்தும் விளங்காது.

"தாங்கோ, வாசிச்சுச் சொல்லுறன்," என்று கையை நீட்டினேன்.

தரவில்லை. சுற்றிலும் பார்த்தார். இரண்டு கதிரை தள்ளிக் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண்ணிடம் போனார். எங்களுக்கு முன்பின் தெரியாதவள். "ப்ளீஸ். ரீட்," என்று தாளை அவளிடம் நீட்டினார். அவள் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு, முதல் வரியிலிருந்து பிரெஞ்சில் சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். மச்சாள் தாளைப் பார்க்கவில்லை. வாசிக்கிறவளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.