கிணற்றடியில் கழுவிய கற்கள்

என் அகத்துக்காரர் டவுனில் ஒரு கல்லூரியில் நிலவியல் வாத்தியார். ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். மற்ற வீடுகளுக்கு மல்லிகைப்பூ வரும், அல்வாப் பொட்டலம் வரும். எங்கள் வீட்டுக்குக் கல் வரும். வைரக்கல்லோ ரத்தினக்கல்லோ என்று யாரும் வாயைப் பிளக்க வேண்டாம். தெருவில் கிடந்தால் காலால் எத்திவிட்டுப் போகிற கல்தான்.

கல்லூரியில் பையன்களுக்குக் காட்ட ஒரு கல்கூட இல்லை, எல்லாவற்றையும் புஸ்தகத்தில் படமாகப் பார்த்தே பரீட்சை எழுதுகிறார்கள் என்று அவருக்கு மனத்தாங்கல். தேசத்தில் எங்கெல்லாம் சுரங்கம் உண்டோ அங்குள்ள ஆபீசுகளுக்கெல்லாம் கார்டு எழுதுவார். பத்துக்கு ஒருவர் பதில் போடுவார். அப்படித்தான் பீகாரிலிருந்து காக்காப்பொன் வந்தது. சேலத்திலிருந்து சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒரு வெள்ளைக் கல் வந்தது. அரியலூர்ப் பக்கத்து ஜிப்சத்தை அவரே பஸ்ஸில் போய் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். கோலாரிலிருந்து தங்கச் சுரங்கத்துக் கல் வந்தபோது நான் ஆசையோடு ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

"எங்கேன்னா தங்கம்?"

"உத்துப் பாரு, தெரியும்."

உற்றுப் பார்த்துக் கண் பூத்ததுதான் மிச்சம்.

ஒவ்வொரு கல்லின் மேலும் ஒரு காகிதத் துண்டை மைதாப் பசையால் ஒட்டி, எந்த ஊர், யார் அனுப்பியது என்று எழுதிவைப்பார். வேறு நோட்டெல்லாம் கிடையாது. ஊர் தெரியாத கல் வெறும் கல் என்பார். எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டியில் வைக்கோல் போட்டு அடுக்கி, கூடத்து மூலையில் வைத்திருந்தார். நிறையச் சேர்ந்ததும் கல்லூரிக்குக் கொண்டுபோவதாக எண்ணம்.

அவரோடு கூடப் படித்த சிநேகிதர் ஒருவர் உண்டு. புத்தூரில் வீடு, கிறிஸ்தவர், அம்மாவுக்கு ஒரே பிள்ளை. பீகார்ப் பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் சர்வேயர் வேலை. லீவில் வந்தபோது ஒரு தரம் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். கூடத்தில்தான் இலை போட்டேன். சமையல் நடக்கிற தளிகை உள் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. எழுந்துபோகும்போது, "அண்ணி, ஊருக்குப் போனதும் உங்க வீட்டுக்காரருக்கு நல்ல கரியா ஒண்ணு அனுப்பறேன். நீங்க தப்பித்தவறி அடுப்புல போட்டுடாதீங்க" என்று சிரித்தார்.

சொன்னபடியே மார்கழியில் பார்சல் வந்தது. கூடவே ஒரு கடிதம். 'ஆபீசில் கேட்டு வாங்கியதில்லை. நானே கீழே இறங்கி, விளக்கு வெளிச்சத்தில் என் கையால் பெயர்த்தது' என்று எழுதியிருந்தார். என் அகத்துக்காரர் அதை இரண்டு தரம் படித்துக் காட்டினார். எனக்கு அது காதில் ஏறவேயில்லை. பார்சலைச் சுற்றியிருந்த கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கயிறு இல்லை, பழைய தோல் வார். ஏகாதசிக்கு இரண்டு நாள் இருக்கிறது, வீட்டுக்குள் செத்த மாட்டுத் தோல்! அவரோ கரித்துண்டை எடுத்துச் சீட்டு ஒட்டி, மற்றக் கற்களோடு பெட்டியில் வைத்துவிட்டுக் காலேஜுக்குக் கிளம்பிவிட்டார். பெட்டி முழுக்கத் தீட்டு.

நான் அந்த நாளில் மடி ஆசாரத்தில் யாருக்கும் இளைத்தவள் இல்லை. வாரை ஒரு குச்சியால் எடுத்துத் தெருக்கோடியில் எறிந்தேன். கற்கள் அத்தனையையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய் அண்டாவில் போட்டு, நாலு வாளித் தண்ணீர் இறைத்துக் கொட்டினேன். அப்புறம்தான் பார்க்கிறேன், பசை கரைந்து சீட்டுகள் எல்லாம் தண்ணீர்மேல் மிதக்கின்றன.

பெருமாளே என்று உட்கார்ந்துவிட்டேன். சீட்டுகளைப் பொறுக்கித் துணியில் உலர்த்தினேன். எழுத்து அழியவில்லை, அதுவே பெரிசு. பளபளப்பது காக்காப்பொன், வெள்ளையாக இருப்பது சேலம், பஸ்ஸில் வந்தது ஜிப்சம் என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில் இரண்டு கரித்துண்டுகள் மிஞ்சின. ஒன்று சிநேகிதர் அனுப்பியது, இன்னொன்று முன்னமே ஆந்திராப் பக்கத்துச் சுரங்க ஆபீஸிலிருந்து வந்தது. இரண்டும் கைப்பிடி அளவு, இரண்டும் கறுப்பு. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கரியில் என்ன பெரிய பேதம், எதை எதில் ஒட்டினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று மனசுக்குப் பட்டபடி ஒட்டிவிட்டேன்.

சாயங்காலம் வந்தவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன, கல்லுக்கெல்லாம் திருமஞ்சனம் ஆயிருக்கு போலிருக்கே" என்றார்.

"தூசு தட்டினேன்" என்றேன். பண்ணின தப்பை ஒப்புக்கொள்வதென்றால் எனக்கு அப்போது பாகற்காய்.

தை மாசம் சேதி வந்தது. சுரங்கத்துக்குள் மேல்பாறை சரிந்து விழுந்துவிட்டது. சிநேகிதரும் இன்னும் சிலரும் உள்ளே போனவர்கள், போனவர்கள்தான். உடம்பை எடுக்க வழியில்லை என்று அந்தப் பக்கத்தையே அடைத்துவிட்டார்களாம்.

என் அகத்துக்காரர் புத்தூருக்கு ஓடினார். திரும்பி வந்தவர் நேரே பெட்டியைத் திறந்து, சிநேகிதர் பெயர் ஒட்டியிருந்த கரித்துண்டை எடுத்து வேஷ்டித் துண்டில் சுற்றினார்.

"எங்கே எடுத்துண்டு போறேள்?"

"அவன் அம்மா கேக்கறா. புதைக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையாம். அவன் சட்டை ஒண்ணும், கடைசியா அவன் கைபட்ட இந்தக் கரியும் சவப்பெட்டியில வெச்சு, அவன் அப்பா கல்லறையிலேயே வைக்கப்போறா. சர்ச் சாமியாரும் சம்மதிச்சுட்டார்."

சொல்ல வேண்டிய நிமிஷம் அதுதான். வாசல்படி வரைக்கும் அவர் பின்னாலேயே போனேன். அவர் போய்விட்டார்.

மறுநாள் அடக்கம் முடிந்து வந்து ஸ்நானம் பண்ணிவிட்டுச் சொன்னார்: "அந்தக் கரியை நெஞ்சோட அணைச்சுண்டு விடவே மாட்டேன்னுட்டா. அவளே முத்தம் கொடுத்துப் பெட்டியில வெச்சா." அவர் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அவர் அப்படித்தான், உள்ளேயே வைத்துக்கொள்வார்.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, சரியாகவே ஒட்டியிருப்பேன் என்று என்னையே தேற்றிக்கொள்வேன். அடுத்த நொடியே, ஒரு தாயார் எந்தக் கரியை முத்தமிட்டாளோ என்று தோன்றிவிடும். நாலாம் நாள் அவர் சாப்பிட்டுக் கையலம்பி வந்ததும் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தோல் வார், அண்டா, சீட்டு, எல்லாம்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"உன்னை மட்டும் சொல்லி என்ன? பார்த்தவுடனே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் அவன் பேரைப் பார்த்தேன், கல்லைப் பார்க்கலை."

பெட்டியில் மிஞ்சியிருந்த கரியை எடுத்து, ஒரு சுண்டைக்காய் அளவுக்கு உடைத்துப் பொடி பண்ணினார். இரும்புக் கரண்டியில் போட்டு மூடி, குமுட்டி அடுப்பில் தணலின் மேல் வைக்கச் சொன்னார். சிநேகிதர் வேலை பார்த்த இடத்துக் கரி சூட்டில் இளகி ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும், ஆந்திராக் கரி ஒட்டாமல் பொடியாகவே கிடக்கும் என்றார். இரண்டு பேரும் அடுப்பெதிரே உட்கார்ந்திருந்தோம். பொடியாகவே இருக்கட்டும், பொடியாகவே இருக்கட்டும் என்று அரங்கனை வேண்டிக்கொண்டேன். கரண்டியை இறக்கி ஆறவிட்டுத் திறந்தார். உள்ளே பொடி இல்லை. உப்பிப்போய் ஒரே கட்டியாக இருந்தது.

"அவனோடது இங்கேதான் இருக்கு" என்றார். பிறகு, "கிளம்பு. நீதான் வந்து சொல்லணும்" என்றார்.

காவேரிப் பாலத்தைத் தாண்டி பஸ் டவுனுக்குள் போகும் வரைக்கும் என்ன சொல்வதென்று யோசித்தேன். புத்தூரில் சின்ன ஓட்டு வீடு. அந்த அம்மாள் கறுப்புப் புடவையில் வாசலுக்கே வந்து, "வாம்மா, உள்ள வந்து உக்காருங்க ரெண்டு பேரும்" என்றாள். நான் உட்காரவில்லை. கரித்துண்டை அவள் முன்னால் நாற்காலியில் வைத்துவிட்டு, "அம்மா, நான் ஒரு பாவம் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்து முழுசாகச் சொன்னேன். ஆசாரத்துக்காகக் கழுவினேன் என்பதையும் மறைக்கவில்லை. அதைச் சொல்லும்போது எனக்கு என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அவள் குனிந்து கரியைப் பார்த்தாள். அப்புறம், "அப்ப கல்லறையில இருக்கிறது யாரோடது?" என்று கேட்டாள்.

"ஆந்திராப் பக்கத்துது. ஆபீஸிலேருந்து அனுப்பினா. யார் வெட்டினதுன்னு தெரியாதும்மா."

"கல்லறையத் திறந்து மாத்தி வைக்கணும்னா நான் சாமியார்கிட்டப் பேசறேன்மா" என்றார் என் அகத்துக்காரர்.

"வேணாம் தம்பி. அதையும் யாரோ பெத்த பிள்ளதானே வெட்டியிருப்பான். அவன் இருக்கானோ இல்லையோ. பூசை வெச்சுப் பொதைச்சாச்சு, அது அப்படியே இருக்கட்டும்."

நாற்காலியிலிருந்த கரியை இரண்டு கையாலும் எடுத்தாள். உடைத்த மூலையைக் கட்டைவிரலால் தடவினாள்.

"என் புள்ள மண்ணுக்கு அடியிலதான் கெடக்கான். அவன் கையால வெளிய வந்தது இது ஒண்ணுதான். இதையும் பொதைச்சிருந்தேன்னா எனக்கு என்னம்மா இருந்திருக்கும்?"

சேதி வந்த நாளிலிருந்து அழாத என் அகத்துக்காரர் அந்த வீட்டு நடுவில் நின்று வாய்விட்டு அழுதார்.