கதவுக்கு வெளியே ஒரு குரல்

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பேசினால் முத்து உதிர்ந்துவிடும். உள்ளே சிக்கியவர்கள் எவ்வளவு கத்தினாலும் பதிலே வராது; ஏன் என்று கேட்டால், "பேசினா கதவு திறந்துடுமா?" என்பார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரம் திருவருகைக்காலம் என்று சர்ச்சில் இயேசுவின் வருகைக்குக் காத்திருப்பதும் அவருக்கு வெட்டி வேலைதான். பிரசங்கத்தில் நன்றாகத் தூங்குவார்.

அந்த டிசம்பரில் அவரே ஒரு லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். இருட்டில் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்தது. அப்போது வெளியே கூட்டாளியின் குரல் கேட்டது: "அண்ணே, வந்துட்டேன். இங்கதான் இருக்கேன்."

கதவு திறக்க மேலும் அரைமணி ஆனது. போன உயிர் மட்டும் அந்தக் குரலிலேயே திரும்பிவிட்டது.

ஞாயிறன்று சர்ச்சில், வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் நாலு மெழுகுவர்த்திகளில் இரண்டாவதை ஏற்றினார்கள். மனைவி முழங்கையால் இடித்தாள். "என்ன, இன்னிக்குத் தூங்கலையா?"

"கதவு இன்னும் திறக்கலடி," என்றார். "ஆனா ஆளு வந்தாச்சு."