அப்பாவின் பிக்கப்பும் கழன்ற மீற்றர் கேபிளும்

அப்பா விட்டுப்போன பிக்கப்புக்கு முப்பது வயது. மீற்றரில் இருபதாயிரம் கிலோமீற்றர்தான். கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டுமே ஓடியது என்று எல்லோரிடமும் பெருமை பேசியிருக்கிறேன்.

இன்று பிரேக் பார்க்கக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோனேன். கராஜ் பாஸ் பெடல் றப்பரைக் காட்டினார். இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது.

"இது கனதூரம் ஓடின வாகனம், தம்பி. மீற்றர் கேபிளக் கழட்டிப்போட்டு ஓட்டியிருக்காங்க."

கேபிள் முனையில் கறுப்பு டேப் சுற்றி, நுனியை மடித்து ஒட்டியிருந்தது. வீட்டு வயர்களுக்கெல்லாம் அப்பா அப்படித்தான் சுற்றுவார்.

"மாட்டிவிடட்டா?"

"ஓம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "பிரேக் மட்டும்தானே பாத்தவங்கள்? மீற்றரில கை வைக்கேல்லைத்தானே?"

"இல்லை" என்றேன்.

அப்பா எங்கே போய்வந்தார் என்று யாருக்காவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அம்மாவிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.