பின்சுவரோடு ஒட்டிய போத்தல்

பிள்ளைகளே, நம் பிரிட்ஜின் நடுத்தட்டில் இருக்கும் பழைய பிஸ்கட் டின்னைத் தொட்டால் வாப்பா ஏன் சத்தம் போடுகிறார் என்று கேட்டீர்கள். எழுதி வைக்கிறேன், வாசியுங்கள்.

உங்கள் உம்மாவுக்குச் சீனி வருத்தம். இன்சுலின் இல்லாமல் அவருக்கு ஏலாது. அந்தப் போத்தல் நடுத்தட்டில் முன்னால்தான் இருக்கும்.

நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது வந்த ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் ஒழுங்கையில் எல்லா வீடுகளுக்கும் குர்பான் இறைச்சி வந்தது. பெரிய பிரிட்ஜ் நம்முடையதுதான். பையோடு வருகிறவரைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் நம்மிடம் இல்லை. அறுத்த சூடு ஆறாத பைகள். யாருடையது என்று தெரிய முடிச்சில் நிறநூல். பிரீசர் நிறைந்து, கீழ்த்தட்டுகளிலும் அடுக்கினோம்.

பக்கத்து வீட்டு மாமி இன்னொரு பையோடு வந்தார்.

“இதையும் ஒரு மூலையில செருகுங்க மகள். உங்கட பிரிட்ஜ் இல்லாட்டி மாட்டை உசிரோட கட்டித்தான் வச்சிருக்கோணும்.”

“செருகலாம் மாமி, கதவு மூடோணுமே!” என்று உம்மா சிரித்தார்.

எந்தப் பை மருந்துப் போத்தலைப் பிரிட்ஜின் பின்சுவரோடு தள்ளியதோ தெரியாது. நான் யாரிடமும் கேட்கவுமில்லை. இறைச்சி கெட்டுவிடும் என்று குளிர்க் குமிழைக் கடைசிவரை திருப்பியிருந்தோம். இரவில் பின்சுவரில் பனி பிடித்தது. பகலில் ஆட்கள் திறந்து திறந்து எடுக்க, கரைந்தது. போத்தலும் அப்படியே உறைந்து கரைந்திருக்கிறது. ஒருவரும் காணவில்லை.

உம்மா வழமைபோல ஊசி போட்டார். மறுநாள் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

“என்ன செய்யுது?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல, அலுப்பு.”

“சீனியைப் பார்ப்பம்.”

“ஊசி போட்டனான்தானே! வட்டிலப்பம்கூடத் தொடயில்ல. சும்மா பயங்காட்டாதீங்க.”

அதற்கடுத்த நாள், இறைச்சி கழுவியபடியே வாந்தி எடுத்தார். மூச்சு வேகவேகமாக, அழுகிய பழத்தின் மணத்தோடு வந்தது. ஓட்டோவில் தூக்கி ஏற்றும்போது நீங்கள் முற்றத்தில் பச்சை நூல் யாருடையது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தீர்கள். கிண்ணியாப் பாலத்தில் நான் அவரைக் கூப்பிட்டேன். மறுமொழி வரவில்லை.

ஆஸ்பத்திரியில் தாதி, கொண்டுபோன போத்தலை வெளிச்சத்தில் பிடித்து உருட்டினார். உள்ளே திரிந்த பால்போலக் கட்டிகட்டியாக இருந்தது.

“இது உறைஞ்ச மருந்து ஐயா. இதைப் போட்டாலும் ஒண்டுதான், தண்ணியைப் போட்டாலும் ஒண்டுதான்.”

இரண்டு நாள் கழித்துத்தான் உம்மா சரியாகக் கதைத்தார். முதல் கேள்வி, “மாமிட இறைச்சியைக் குடுத்திட்டீங்களா?”

அவர் புதிய மருந்தோடு வீடு வருவதற்கு முதல் நாள், நீங்கள் மாமி வீட்டில் இருந்தீர்கள். பைகளை உரியவர்களிடம் கொடுத்துவிட்டுத் தட்டுகளைத் துடைத்தேன். குமிழைக் குறைத்தேன். இனி மருந்தை வைக்க எடுத்த பிஸ்கட் டின்னுக்குள், உறைகிறதா என்று பார்க்க ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து, அதை மருந்து இருக்கவேண்டிய இடத்தில் வைத்துக் கதவை மூடினேன்.

விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து திறந்தேன். தண்ணீருக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். உறையவில்லை. இருந்தும் டின்னை இன்னும் ஒரு விரலளவு முன்னால் இழுத்து வைத்தேன்.