அலை தாங்கும் கார்

"சார், இதுக்குள்ள எப்படிப் போவீங்க?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் பந்தயத்துக்கென்றே செய்த வண்டி. வயது அறுபது, இரண்டே இருக்கை, கூரை கிடையாது, என் இடுப்புயரம்கூட இல்லை. நான் உள்ளே போவதில்லை, என்னை ஊற்றிக்கொள்கிறேன். மிச்சத் தொப்பை ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டு திருப்பங்களில் ஒத்தாசை செய்யும்.

ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் கொட்டகையில் கோழிகள் அதில் அடைகாத்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கிளப்பிவிட்டு வாங்கி வந்தேன். நாலு வருடம் மல்லுக்கட்டி எஞ்சினை ஓடவைத்தேன். ஃபைபர் உடம்புதான் விழுந்த மண்பானை மாதிரி விண்டு கிடந்தது. எனக்கிருந்தது ஒரே ஆசை: சென்னையில் வருடாவருடம் நடக்கும் பழைய கார் ஊர்வலத்தில் ஒருமுறை இதை ஓட்டவேண்டும்.

கடலூர் முதுநகரில் என் பள்ளித் தோழன் மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் ஒட்டுகிறான். அவனிடம் கொடுத்தேன். உடைந்த துண்டுகளையெல்லாம் சேர்த்து, பழைய வளைவு ஒன்றுகூடப் பிசகாமல் ஒட்டி முடித்தான். பந்தயக் கார் லேசாக இருக்கவேண்டும் என்பதைச் சொல்ல மறந்த புத்திசாலி நான். அவன் படகுக்குப் போடுகிற வழக்கப்படி மூன்று அடுக்கு ஃபைபர் போட்டுவிட்டான்.

"இன்னாடா இவ்ளோ கனம்?"

"அலை அடிச்சா தாங்க வேணாமா மச்சான்?"

"ரோட்டுல போற வண்டிடா இது!"

"நம்மூரு ரோட்ட நீ பாத்ததில்ல போலக்குது."



ஊர்வலம் நடத்துகிறவர்களில் ஒருவர் சோதிக்க வந்தார். எஞ்சினைப் பார்த்து மலர்ந்த முகம், உடம்பைத் தட்டிப் பார்த்ததும் சுருங்கியது.

"சார், இது படகு. வெட்டி எறிஞ்சுட்டு இங்கிலாந்துலேர்ந்து புது பாடி வரவழைங்க, சேத்துக்கறோம்."

"பழைய உடம்ப ஒட்டினா போலி, புதுசா வாங்கினா அசலா?"

"அது அங்க செஞ்சது சார்."

ஓரமாக நின்ற தோழன், "உன் ஆசைதான் முக்கியம் மச்சான், அறுத்துடலாம்" என்று கட்டரைக் கையில் எடுத்துவிட்டான். முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை.

நான் வீரன் இல்லை. பஸ்ஸில் மீதிச் சில்லறையைக்கூடக் கேட்டு வாங்கியதில்லை. அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ!

"அத கீழ வைடா. சார், உங்க ஊர்வலத்த நீங்களே வச்சுக்குங்க. இதுல ஒரு இழையக்கூட வெட்ட மாட்டேன்."

சென்னையில் ஊர்வலம் நடந்த காலையில் நாங்கள் இருவரும் சிதம்பரத்துக்குக் கிளம்பினோம். ஆலப்பாக்கத்தில் ஒரு மீன்கூடை மொபெட் எங்களை முந்தியது. புதுச்சத்திரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கூரையில்லாத வண்டியில் தண்ணீர் ஏற, என் வேட்டி மிதந்தது.

"மூழ்கிடுவோம்டா!"

அவன் காலடியில் குனிந்து அடைப்புக் கட்டை ஒன்றைப் பிடுங்கினான். தண்ணீர் கொடகொடவென்று ரோட்டில் இறங்கியது.

"தண்ணி எறங்க வழி இல்லாம எந்தப் படக நான் செஞ்சிருக்கேன்?"

சிதம்பரத்தில் ஒரு டீக்கடை வாசலில் நிறுத்தினோம். என் போனில் ஊர்வலப் படங்கள் வந்துகொண்டிருந்தன. பளபளப்பான வண்டிகள். ஒன்றுவிடாமல் பார்த்தேன்.

"வருத்தமாடா?" என்றான்.

"ஆமா. அடுத்த வருசம் மறுபடியும் கேப்பேன். இதே உடம்போட."

"முடியாதுன்னுட்டா?"

"அதுக்கடுத்த வருசமும் கேப்பேன். நீ டீயக் குடி."