அவர் வாங்காத பாத்திரம்

செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்ச் சபைக்கு மல்லாபூரிலிருந்து வரும் மோசஸ், குடியை விட்டுவிட்டதாகச் சாட்சி சொன்னார். நான் நம்பவில்லை. நான்கு மாதமும் மாதாந்தரத் திருவிருந்தில் அப்பத்தை வாங்கியவர், திராட்சரசப் பாத்திரம் வருமுன் எழுந்து போனார். இன்னும் குடிக்கிறார், மனச்சாட்சி உறுத்துகிறது என்று நானே முடிவு கட்டினேன். சபை வேன் ஓட்டும் வேலையை அவர் கேட்டபோது கமிட்டியில் அதைச் சொன்னேன். வேலை வேறொருவருக்குப் போனது.

அடுத்த ஞாயிறு வாசலில், "என்ன மோசஸ், ரசத்தைக் கண்டா பயமா?" என்றேன்.

"ஹவ் அண்ணே, ஆமா. ஒரு சொட்டு நாக்குல பட்டாலும் பழைய ஆளாயிடுவேன். வெளிய சொல்ல வெக்கம். ஆண்டவருக்குத் தெரியுமேன்னு இருந்துட்டேன்."

அன்றே ஆயரிடம் என் தவறைச் சொன்னேன். அதற்குள் புது டிரைவர் சேர்ந்திருந்தார்.

முதல் மாதமே மோசஸிடம் கேட்டிருக்கலாம். நான் நான்கு மாதம் அவரைக் கவனித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.