சத்தமாகப் பயந்தவர்

துறைமுக வீதியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கைபேசியில் பரீதா டீச்சரின் பெயர் விழுந்தது. வழக்கம்போல ஏதோ வகுப்பு விசயம் என்று நினைத்து எடுத்தேன். பேசியது அவருடைய மகள் சிபானா. "டீச்சர், உம்மா மௌத்தாகிட்டா. சுபஹு தொழுதிட்டு நெஞ்சு நோகுதெண்டு சொன்னா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலேயே..." அதற்கு மேல் அவளுக்குப் பேச ஏலவில்லை. சாவு வீட்டுக்கென்று கிண்ணியா பஸ்ஸில் ஏறிய பிறகுதான், என் பையைத் தரிப்பிடத்திலேயே விட்டுவிட்டது தெரிந்தது.

ஓர்ஸ் ஹில்லில் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்காக நடக்கும் எங்கள் ஆங்கில வகுப்பில் படித்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஹோட்டல்களில் வேலை செய்பவர்கள், வெளிநாடு போகக் காத்திருப்பவர்கள், கடலுக்குப் போகிறவர்கள் என்று எல்லாரும் அவரிடம் வாய் திறந்து பேசப் பழகினார்கள். நானும் அவரும் ஒரே மண்டபத்தைப் பலகைத் தட்டியால் பிரித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் படிப்பித்தோம். அவர் எனக்கு அக்கா வயது. ஆனாலும் கடைசி வரைக்கும் ஒருவரையொருவர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம்.

அவர் பயந்த மனுசி. அதை அவர் மறைத்ததே கிடையாது. கோட்டைப் பக்கத்து மான்கள் வீதியோரம் மேய்வதைக் கண்டால் மற்றப் பக்கம் கடந்து போவார். "மான் ஒண்டும் செய்யாது டீச்சர்" என்று நான் ஒருநாள் சொன்னேன். "அது உங்களுக்குத் தெரியும். மானுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். பூனை மேசைக்குக் கீழே வந்தால் கால்களைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொள்வார். நாய் என்றால் முகமே வெளுத்துவிடும்.

எங்கள் பாடப்புத்தகத்தில் மனிதரும் மிருகங்களும் என்று ஒரு பாடம் இருந்தது. வீட்டில் என்ன செல்லப்பிராணி வளர்க்கிறீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. வகுப்பு வாயே திறக்கவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து எனக்குக் கேட்டது. டீச்சர் கேள்வியை மாற்றினார். எந்த மிருகத்துக்குப் பயம், எப்போது பயந்தீர்கள், அதைச் சொல்லுங்கள் என்றார். அவ்வளவுதான். திரியாயிலிருந்து வந்த ஒரு பெண், நெல் மூட்டை வாசத்துக்கு யானை குசினிச் சுவரை இடித்த கதையை உடைந்த ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். சொல் வராத இடத்தில் கையால் தும்பிக்கை செய்து காட்டினார். சல்லி ஊர் மீனவர் ரூபன், வலைக்குள் கடற்பாம்பு வந்த நாளைச் சொன்னார். பிழை பிடிக்க ஒருவரும் இல்லை. வகுப்பு முடிந்து வெளியே வந்த டீச்சர் என்னிடம், "பயமெண்டா சத்தமாப் பயப்படோணும் டீச்சர். அப்பதான் பாசை வரும்" என்றார். அதைப் பகிடி என்றுதான் நினைத்தேன்.

எங்கள் மண்டபத்து வளவில் பிரௌனி என்று ஒரு பெட்டை நாய் இருந்தது. யாருடையதும் இல்லை. நான் சோறு வைப்பேன், அதனால் என்னுடையது என்று சொல்லலாம். நான் கேற்றைத் திறந்தாலே வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். ஒரு பின்னேரம் அது ஓடி வரவில்லை. கிணற்றடியில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. வாயிலிருந்து நூல்போல எச்சில் வடிந்தது. காற்றைக் கடிப்பதுபோல இரண்டு தரம் வாயை மூடித் திறந்தது. எலும்பு ஏதும் தொண்டையில் சிக்கியிருக்கும் என்று நினைத்து, "பிரௌனி, இஞ்ச வா" என்று கிட்டப் போனேன்.

மண்டபத்து யன்னலிலிருந்து டீச்சர் கத்தினார். அவரிடமிருந்து அப்படி ஒரு குரல் நான் கேட்டதில்லை. "கிட்டப் போகாதீங்க! அது இப்ப உங்கட நாயில்ல! உள்ளுக்கு வாங்க!"

நான் திரும்பிப் பார்த்த அந்த நேரத்தில் அது வந்து காலைக் கவ்வியது. குரைக்கவில்லை, உறுமவில்லை. அந்தக் கண்களில் என்னைத் தெரிந்த அடையாளம் துளியும் இல்லை. வலியைவிட அதுதான் என்னை நடுங்க வைத்தது. விழுந்துவிட்டேன். கதவு திறந்தது. மானுக்குப் பயந்து வீதி கடக்கிற அந்த மனுசி, அலறிக்கொண்டே வெளியே ஓடி வந்தார். பின்னால் ரூபன் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து நாயைத் தள்ளிப் பிடித்தார். டீச்சர் என் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்து உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினார். ரூபன் பின்கதவால் வந்து சேர்ந்தார். அவருக்குக் கடி இல்லை.

"சவுக்காரம் கொண்டாங்க! பைப்பைத் திறங்க!" ஓடும் தண்ணீருக்குக் கீழே என் காலைப் பிடித்து, நுரை போட்டுக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். கால் மரத்துப்போன பிறகும் விடவில்லை. போதும் டீச்சர் என்றேன். "போதாது." அவருடைய பற்கள் கிட்டுவது எனக்குக் கேட்டது. சவுக்காரம் கையிலிருந்து திரும்பத் திரும்ப விழுந்தது. ஒவ்வொரு தரமும் எடுத்தார். வாய் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றியும் கையிலும் ஊசி போட்டார்கள். திரும்பத் திரும்ப வரவேண்டும் என்றார்கள். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் தம்பியைப் பற்றிச் சொன்னார்.

"ரிஸ்வான். எனக்கு இளையவன். வீதியில கிடந்த குட்டி நாயோட விளையாடினவன். அது விரல்ல சும்மா பல்லு வெச்சது. வாப்பா ஏசுவாரெண்டு பயம். ராத்தா, சொல்லிராதீங்க எண்டான். நானும் சொல்லல்ல. புண் ஆறிட்டு, மறந்திட்டம். பிறகு ஒருநாள் உம்மா தண்ணி குடுத்தா. கோப்பையைக் கண்டு கத்தினான் டீச்சர். தண்ணியைக் கண்டு."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். அது இன்னும் ஈரமாக இருந்தது.

"ரெண்டு பேரும் மெதுவாப் பயந்தம். அதான் பிழை" என்றார்.

அடுத்த நாள் பிரௌனி வடிகானுக்குள் செத்துக் கிடந்தது. நகரசபை ஆட்கள் எடுத்துப் போனார்கள். பரிசோதனையில் விசர்நாய் நோய் என்று வந்தது. அந்தச் செய்தி வந்த பிறகு நான் வாழ்ந்த நாட்களை எப்படிச் சொல்வது? தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொண்டையைக் கவனித்தேன். காற்று முகத்தில் பட்டால் பயம். காலில் எறும்பு ஊர்ந்தாலும் அதுதான் தொடங்குகிறது என்று நினைத்தேன். ஒவ்வொரு காலையும் டீச்சர் கைபேசியில் வருவார். "தண்ணி குடிச்சீங்களா? இப்ப குடிங்க, நான் கேக்கிறன்." நான் விழுங்கும் சத்தம் கேட்கும் வரை பேசாமல் இருப்பார். பிறகு ஒரு பெருமூச்சு. ஊசிக்குப் போன எல்லா நாளும் கூட வந்தார். கடைசி ஊசி போட்ட அன்று வாசலில் நின்று அழுதது அவர்தான்.

அதன் பிறகு ஓர்ஸ் ஹில்லில் நகரசபை ஆட்கள் நாய்களுக்குத் தடுப்பூசி போட வந்தபோது, எங்கள் வகுப்பே ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூப்பிட்டது. அதை ஏற்பாடு செய்தவர் பரீதா டீச்சர். அவர் மட்டும் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "அடுத்த நாயைக் கொண்டாங்க!" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கறுப்பு நாய் ஊசியைக் கண்டு நிலத்தோடு ஒட்டிப் படுத்து நடுங்கியது. ஒருவராலும் பிடிக்க ஏலவில்லை. அவர் மதிலைச் சுற்றி வந்தார். முகத்தை முற்றாக மறுபக்கம் திருப்பி, கண்ணை இறுக்கி மூடி, நாயின் முதுகில் கையை வைத்தார். "அதுக்கும் பயம், எனக்கும் பயம். கெதியாப் போடுங்க தம்பி, கெதியா!" ஊசி போடும் வரைக்கும் அந்தக் கை அங்கேயே இருந்தது. நாயும் கடிக்கவில்லை. பிறகு அவர் போய்க் கையைக் கழுவிய விதத்தைப் பார்த்து நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

கிண்ணியாவில் அவருடைய வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் நிறைந்திருந்தார்கள். அவருடைய முகத்தைக் கண்டேன். முதல் தடவையாக அதில் பயம் இல்லை. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஜனாஸாவைக் கொண்டு போன பிறகு சிபானா என் பக்கத்தில் வந்து இருந்தாள். "உம்மாக்கு நாயெண்டா ஏன் டீச்சர் அவ்வளவு பயம்? கேட்டா பேச்சை மாத்திடுவா" என்றாள். டீச்சரின் தம்பி காய்ச்சலில் மௌத்தானவர் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் சொன்னேன், ஒன்றையும் விடாமல். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

நான் இப்போதும் வளவு நாய்களுக்குச் சோறு வைக்கிறேன். முன்புபோல அல்ல. ஊசி போட்டதா என்று கேட்டு, நடையைப் பார்த்து, வாயைப் பார்த்து, தூரத்தில் வைத்துவிட்டு நிற்கிறேன். அவை சாப்பிட்டு முடிக்கும் வரை நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பயம் எனக்குச் சொந்தமானதல்ல, பரீதா டீச்சருடையது. என்னை உயிரோடு வைத்திருப்பது அது. நான் அதை வைத்துக்கொள்கிறேன்.